திருகாணியின் பிடிவாதம்

திருகாணி என்றவுடன் நமது வீட்டுப் பெண்மணிகளுக்குக் காதுத் தோடுதான் நினைவுக்கு வரும். குளிக்கும்போது அது கழன்று விழுந்துவிட்டால், விளக்கைப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் தரையைத் தடவுவோம். கழலக்கூடாத திருகாணி கழல்வதால் வரும் துன்பம் அது. கழலவேண்டிய திருகாணி கழலாமல் நிற்பதால் வரும் துன்பமும் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வீட்டார் அதனை நன்கு அறிவர். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றியே நேயர்களோடு உரையாட விரும்புகின்றோம்.

எமது குருவிட்டவில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவில் பஸ் வண்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால், பெருந்தெருவை விட்டுப் பிரிந்து தேயிலை மலைக்கும் றப்பர் தோட்டத்துக்கும் ஏறும் கிளைவழிகளில் பஸ்ஸை நம்புகிறவர் பொழுது சாயும்வரை காத்திருக்க நேரும். ஆகவே, பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்ப்பதும், அரிசி மூட்டையை ஏற்றி வருவதும், நோயாளியை இரத்தினபுரி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் இந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் நடைபெறுகின்றன. போதாக்குறைக்கு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் புது வண்டி வாங்கும் எண்ணத்தை விட்டுப் பழைய வண்டியையே பேணிக்கொண்டவர் பலர். முற்றத்தில் சாக்கை விரித்து அமர்ந்து, தாமே பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவரும் அவர்களுள் உளர்.

அப்படிக் கற்றுக்கொண்டவருள் எமது மருமகனும் ஒருவர். குருவிட்டவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கின்றார். சென்ற ஞாயிறு காலை மழை சற்று ஓய்ந்திருந்த வேளையில், மனைவியையும் மகளையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, தாம் மட்டும் முதற் கியரில் வண்டியை நத்தை வேகத்தில் ஓட்டிக்கொண்டு எமது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குடும்பமாக ஒரே வண்டியில் வருகிறவர்கள் ஏன் பிரிந்து வந்தார்கள் என்று வினவினோம்.

“வியாழக்கிழமை புள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறப்ப, எறக்கத்துல முன் பிறேக் அப்படியே அமுங்கிப் போச்சுங்க மாமா. பிடி பஞ்சு மாதிரி ஆயிருச்சு. பின் பிறேக்க மிதிச்சு, மண்மேட்டுல சாய்ச்சுத்தான் நிப்பாட்டுனேன். கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா, பழையபடி இறுகிக்கிச்சு” என்றார்.

பிறேக் ஒயிலை எப்போது மாற்றியது என்று கேட்டோம். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி மாத்தப் பாத்தேன். மூடியில இருக்குற ஸ்குரூ ஒண்ணு செத்துப்போச்சு. கழட்ட முடியல. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன் மாமா.”

நேயர்களே, காரியம் இவ்வளவுதான். கைப்பிடியின் ஓரத்தில் இருக்கும் ஒயில் கிண்ணத்தின் மூடியை இரண்டே இரண்டு சிறு திருகாணிகள் பிடித்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் தலை தேய்ந்துவிட்டது. அதனால் இரண்டு ஆண்டுகளாக அந்த மூடி திறக்கப்படவில்லை. அதன் பயனாகத் தகப்பனும் மகளும் மலைச்சரிவில் பிறேக் இல்லாமல் நின்றார்கள்.

பிறேக் ஒயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பு உண்டு. அதனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றவேண்டும் என்பது பொது விதி. டொட் 4 என்னும் வகைப் புது ஒயில் 230 பாகை செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் இருக்கவேண்டும் என்பது நியமம். நூற்றுக்கு ஏறக்குறைய 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால், நியமம் எதிர்பார்க்கும் கொதிநிலையே 155 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. நீண்ட இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்தபடியே வந்தால் வெப்பம் ஏறி ஒயில் கொதிக்கும். ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆவியோ அமுங்கும். ஆகவேதான் பிடி பஞ்சுபோலாகின்றது. வெப்பம் தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிப் பிடி இறுகிவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று நம்மை ஏமாற்றுவது இந்த இறுக்கமே. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழியும் இரத்தினபுரிப் பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன?

இனி, அந்தத் திருகாணி ஏன் தேய்ந்தது என்பதைப் பார்ப்போம். இரும்பு மட்டமானது, செய்தவன் மோசக்காரன் என்று நாம் வைவது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி, நமது கையிலுள்ள திருப்புளியே. அதாவது நாம் ஸ்குரூ டிரைவர் என்று வழங்குவது.

நட்சத்திரம்போல் நாற்புறமும் கீறிய தலையுடைய திருகாணியைப் பரவச் செய்தவர், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் என்பவர். 1936ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். காடிலாக் மோட்டார் கார் செய்தோர் அதனை முதலில் ஏற்றுக்கொண்டவர்களுள் அடங்குவர். ஆனால், ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் நெடுங்காலமாக இருந்து வருவது அந்தத் திருகாணியன்று. பார்வைக்கு உடன்பிறந்தது போலிருக்கும் வேறொரு ஜப்பானிய வகை அது. அதன் குழி பிலிப்ஸ் குழியைக் காட்டிலும் ஆழம் குறைந்தது, மூலைகள் கூர்மையானவை. பிலிப்ஸ் திருப்புளியின் நீண்ட முனை அதன் அடியில் முட்டி நிற்குமேயன்றி, பக்கங்களில் நன்றாகப் பொருந்தாது. திருப்பினால் முனை மேலேறி வழுகும். வழுகும்போதெல்லாம் குழியின் சுவரைச் சீவிக்கொண்டே வரும். மூன்று முறை வழுகினால் நட்சத்திரம் வட்டமாகிவிடும். இந்தியாவிலிருந்து நம் நாட்டுக்கு வரும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். 1984இல் ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டுச் சேர்ந்தது போல, அங்குள்ள பல வண்டிகள் ஜப்பானிய வழியில் வளர்ந்தவையே. ஜப்பானிய வகைத் திருகாணிகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளி காணப்படும். அதைக் கண்டால் ஜப்பானிய முனையுள்ள திருப்புளியைக் கேட்டு வாங்குங்கள். அது கிடையாவிடின், பழைய பிலிப்ஸ் திருப்புளி ஒன்றின் நுனியை மட்டும் சிறிதளவு அராவி மழுக்கினால் ஒருவாறு பொருந்தும்.

தேய்வதற்குக் காரணம் இதுவானால், இறுகுவதற்குக் காரணம் மழை. கிண்ணமும் எஞ்சினின் மூடிகளும் அலுமினியம், திருகாணி இரும்பு. இவ்விரு உலோகங்களுக்கும் இடையே நீர் புகுந்து தங்கினால் அரிப்பு உண்டாகி, வெண்பொடியும் துருவுமாகச் சேர்ந்து இரண்டையும் பிணைத்துவிடும்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினோம். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, ஒயில் கிண்ணம் மட்டமாக இருக்குமாறு கைப்பிடியைத் திருப்பி வைத்தோம். பிறேக் ஒயில் பட்ட இடத்தில் வண்டியின் பூச்சு கரைந்துபோகும் என்பதால், பெற்றோல் தாங்கியின் மேல் பழைய துணியை நனைத்து விரித்தோம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டோம். ஊசி முனையால் இரண்டு திருகாணிகளின் குழியிலும் இருந்த அழுக்கைக் கிண்டி எடுத்தோம். இது அற்ப வேலையாகத் தோன்றும். ஆனால், குழியில் அழுக்கு இருக்குமானால் எந்தத் திருப்புளியும் அடிவரை இறங்காது.

முதலில் கெடாத திருகாணியில் சரியான முனையை வைத்து, மேலிருந்து உடல்பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தி, சிறிதே திருப்பினோம். ‘கிறீச்’ என்ற ஓசையுடன் அது கழன்றது. பலத்தில் முக்கால் பங்கு அழுத்துவதற்கும் கால் பங்கு திருப்புவதற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பாதித் திருகாணிகள் கெடாமலே தப்பும்.

தேய்ந்த திருகாணியில் அதே முனையை வைத்தபோது வழுகியது. உடனே நிறுத்திவிட்டோம். “இன்னொரு தரம் பாக்கலாமே மாமா” என்றார் மருமகன். அந்த ‘இன்னொரு தரம்’ என்பதுதான் திருகாணியைக் கொல்லும் மந்திரம் என்று சொல்லித் தடுத்தோம். முதல் வழுக்கலிலேயே கையை எடுத்துவிடுகிறவனுக்கு ஐந்தாறு வழிகள் மிச்சமிருக்கும். பத்தாவது வழுக்கல்வரை முயல்கிறவனுக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டே.

பின்னர், துருவை இளக்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு இட்டோம். கடைகளில் விற்கும் டபிள்யூ.டி.-40 இந்த வகையில் யாவரும் அறிந்தது. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக அது ஆக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். பிறேக் தட்டின் மேல் ஒரு துளியும் சிந்தலாகாது. ஆகையால் குப்பியிலிருந்து நேரே பீய்ச்சாமல், ஈர்க்குச்சியால் தொட்டு வைத்தோம். திருப்புளியைக் குழியில் நிறுத்திச் சுத்தியலால் மெல்லத் தட்டினோம். அந்த அதிர்ச்சி துருவின் பிணைப்பை உடைக்க உதவும். பிறகு கைகழுவிச் சாப்பிடச் சென்றோம். எண்ணெய் ஊறுவதற்கு நேரம் வேண்டும். எமக்கும் பொறுமை ஊறவேண்டும்.

உண்ட பின் மீண்டும் முயன்றோம். சைக்கிள் ரியூப்பின் சிறு துண்டொன்றைக் குழிமேல் வைத்து அழுத்தித் திருப்பினோம். அதற்கும் அசையவில்லை. இலேசாக வழுகுகின்ற திருகாணிக்கே அந்த உபாயம் ஏற்றது. அடுத்து, சிறிய உளியைத் தலையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கழலும் திசையை நோக்கி, அதாவது இடஞ்சுழியாகத் தட்டினோம். உலோகம் சிறிது மடங்கியதேயன்றித் திருகாணி அசையவில்லை. கிண்ணம் வார்ப்பு அலுமினியம் ஆதலால் ஓங்கி அடித்தால் வெடித்துவிடும். அதனால் அதையும் நிறுத்தினோம்.

எஞ்சியது துளைக்கும் வழி ஒன்றே. மருமகன் முகம் வாடிவிட்டது. துளைப்பது என்றால் கிண்ணமே பாழாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அப்படியன்று. முழுத் திருகாணியையும் துளைக்கவேண்டியதில்லை. தலையை மட்டும் நீக்கினால் போதும். இந்தத் திருகாணியின் தண்டு 4 மில்லிமீற்றர் பருமன். அதைவிடச் சற்றே பெரிய துளையூசியை மெதுவான வேகத்தில், நேராக நிறுத்திப் பிடித்துத் துளைத்தோம். வட்டமாகிப்போன அந்தக் குழியே ஊசியை நடுவில் பிடித்துக்கொண்டது. மருமகனின் மனைவி கைவிளக்கைப் பிடித்தார். பேத்தி, பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தால் இரும்புச் சீவல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சில நிமிடங்களில் தலை மோதிரம்போல் தனியே கழன்று ஊசியோடு சுழன்றது. அந்த இடத்தில் நிறுத்தி, சீவல் ஒன்றும் இல்லாமல் துடைத்த பின்னரே மூடியைத் தூக்கினோம்.

இப்போது தலையில்லாத தண்டு கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே சிறிது நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் குறடால் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பினோம். எவ்விதத் தடையுமின்றித் திரும்பியது. மிச்சத்தைப் பேத்தி தன் விரல்களாலேயே திருகி வெளியே எடுத்துவிட்டாள்! “இதுக்கா தாத்தா இவ்வளவு பாடு?” என்றாள்.

ஆம், இதற்குத்தான். பிடிவாதமெல்லாம் தலையில் இருந்ததேயன்றி உடலில் இல்லை. சரிந்த வடிவுள்ள தலை மூடியின் குழிக்குள் ஆப்புப்போல் இறுகியிருந்தது. தலை போனதும் இறுக்கமும் போயிற்று.

கிண்ணத்துள் எட்டிப் பார்த்தோம். புது ஒயில் இளம் பொன்னிறமாக இருக்கும். இதுவோ சாயத் தண்ணியின் நிறத்தில் இருந்தது. மருமகன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் பேசவில்லை.

மூடியில் குறித்திருந்த அதே வகை ஒயிலை முத்திரை உடைக்காத புதுக் குப்பியிலிருந்து ஊற்றினோம். கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொண்டு, சக்கரத்தருகேயுள்ள முலைவாயின் வழியாகப் பழைய ஒயிலையும் காற்றுக் குமிழிகளையும் முற்றாக வெளியேற்றினோம். இதில் பழக்கமில்லாதவர்கள் மூடியைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, இந்த வேலையைக் கராஜில் கொடுப்பதே முறை. பிடி கல்போல் இறுகிய பின்னர், மட்டமான முற்றத்தில் பலமுறை ஓட்டி நிறுத்திப் பார்த்தே வண்டியைத் தெருவில் இறக்கவேண்டும். மூடிக்குத் துருப்பிடியா எஃகில் அறுகோணக் குழியுள்ள புதுத் திருகாணிகள் இரண்டு வாங்கினோம். ஏறக்குறைய ஒரு பிளேன்டீயின் விலையே ஆனது. புரியில் கடுகளவு கிறீஸ் தடவி, இரண்டு விரல்களின் பலத்தால் மட்டும் முடுக்கினோம். மூடி என்பது ஒயிலைக் காக்கும் கதவு. பாலத்தைத் தாங்கும் தூணன்று. அளவுக்கு மீறி முடுக்குகிறவன் அடுத்த தடவைக்கான துன்பத்தை இன்றே சேமித்து வைக்கின்றான்.

எஞ்சினின் பக்க மூடிகளில் திருகாணி இறுகினால் வழி சிறிது வேறு. அங்கே உலோகம் தடித்தது. ஆகவே, சுத்தியலால் அடிக்கும்போதே திருப்பிவிடும் கருவியைப் பயன்படுத்தலாம். கராஜ்காரர்கள் அதனை இம்பெக்ட் டிரைவர் என்பர். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது முயல்வது நன்று. வெப்பத்தில் இரும்பு 12 பங்கு விரியுமானால் அலுமினியம் 23 பங்கு விரியும். அதனால் பிடி சிறிது தளரும். தீயைக் கொண்டு சூடாக்குவது மட்டும் கூடவே கூடாது. பக்கத்தில் பெற்றோல் இருக்கின்றது. தலை வெளியே புடைத்திருந்தால் இரும்பறுக்கும் வாளால் அதில் ஒரு கீறல் இட்டுத் தட்டை முனைத் திருப்புளியால் திருப்பலாம். அல்லது இறுகப் பூட்டிக்கொள்ளும் குறடால் பிடித்துத் திருப்பலாம். உள்ளே துளையிட்டு எதிர்ப்புரிக் கருவியைச் செலுத்தி எடுப்பது கடைசி வழி. அந்தக் கருவி மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்துவிட்டால் சாதாரணத் துளையூசி அதன்மேல் ஏறாது. கைதேர்ந்தவரிடம் அதை விட்டுவிடுவது உத்தமம்.

இந்தத் துன்பம் குருவிட்டவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் றொபர்ட் பேர்சிக், 1968இல் தமது இளம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹோண்டா வண்டியொன்றில் நெடும்பயணம் சென்றார். அதனை அடிப்படையாக வைத்து 1974இல் அவர் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. பக்க மூடியொன்றின் திருகாணி தலை கெட்டு நின்றுவிட்டால் மனிதன் மனத்தில் என்ன நிகழ்கின்றது என்பதைப் பற்றி அந்த நூலில் அவர் விரிவாகச் சிந்திக்கின்றார். ஒரு சிறு ஆணி வண்டி முழுவதையும் முடக்கிவிடும் அந்த வேளையில், முதலில் சரிசெய்யப்பட வேண்டியது மனிதனின் மனம் என்பதை அவரும் கண்டிருக்கின்றார்.

எமது மருமகன் சோம்பேறியல்லர், மகள்மேல் அன்பில்லாதவருமல்லர். தாமே கெடுத்துவிட்ட ஒரு திருகாணியைப் பிறரிடம் காட்ட வெட்கப்பட்டார். அவ்வளவே. அந்த வெட்கம் இரண்டு ஆண்டுகள் மூடியின் கீழே கிடந்து, ஒயிலோடு ஒயிலாகக் கறுத்துப்போயிருந்தது. நம்மில் எத்தனை பேர் வீடுகளில் இப்படி ஒரு மூடி திறக்கப்படாமல் கிடக்கின்றது!

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். பதறிச் சிதறிய காரியத்தையும் ஒளிக்காமல் எடுத்து வைத்தால் சேர்த்துவிடலாம் என்பது எமது அனுபவம். இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும், நேயர்கள் முற்றத்தில் நிற்கும் வண்டியருகே ஒருமுறை செல்வார்களாக. பிறேக் கிண்ணத்தின் பக்கத்திலுள்ள சிறு கண்ணாடி வழியே ஒயிலின் நிறத்தைப் பார்ப்பார்களாக. அது கறுத்திருந்து, மூடியின் திருகாணியும் தேய்ந்திருந்தால், நாளை காலை பிள்ளையைப் பின்னால் ஏற்றுவதற்கு முன் அதற்கு ஒரு வழி தேடுவது நலம்.